கேட்காமல் வந்த இரண்டு தடைகள்

விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நின்றால், யாழ்ப்பாணத்து பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஆட்களையும் பார்சல்களையும் இறக்கிவிட்டுப் போவதைக் காணலாம். எங்கள் குழுவில் ஒருத்திக்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது உரும்பிராயில் இருந்து ஒரு பார்சல் வரும். உரப்பைக்குள் இரண்டு பொட்டலம் இருக்கும். ஒன்று பெரியப்பாவின் தோட்டத்து வெங்காயமும் கத்தரிக்காயும். மற்றது சித்தப்பாவின் தோட்டத்துப் பயிற்றங்காயும் கீரையும். பெரியப்பா யூரியா போட்டுச் செய்கிறவர். சித்தப்பா ஏழெட்டு வருசமாகச் சாணி, குழை, கூட்டெரு என்று சேதனப் பசளையிலேயே நிற்கிறவர். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரம்புதான். இறைப்பது ஒரே பங்குக் கிணற்றில்.

போன விடுமுறைக்கு நாங்கள் நாலு பேர் அங்கே போய் நின்றபோது, இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டோம்: இந்தத் தோட்டம் இன்னும் முப்பது வருசம் நிண்டு பிடிக்குமோ? 'நிலைபேறான விவசாயம்' என்று பாடத்தில் படித்துவிட்டுப் போன எங்களுக்கு, ஒருவர் மண்ணைப் பற்றியும் மற்றவர் விளைச்சலைப் பற்றியும் சொல்லுவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. பெரியப்பா கடனில் தொடங்கினார். சித்தப்பா சந்தையில் தொடங்கினார். பசளைக் கதை இரண்டு பேரிடமும் கடைசியாகத்தான் வந்தது. வந்தபோது இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: "எங்களிட்ட ஆர் கேட்டது?"

அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2021இல் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் வடக்கில் பசளை நிறுத்தப்பட்டது அதுதான் முதல் தடவை இல்லை.

யூரியா வந்த கதை

யாழ்ப்பாணத்துக்கு ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கும். அதைக் கிணற்றால் இறைத்துத்தான் கமம். பழைய ஆட்களைக் கேட்டால் தோட்டத்தில் ஆட்டுப் பட்டி, மாட்டுப் பட்டி அடைத்த கதை சொல்லுவினம். பூவரசங்குழையையும் பனையோலையையும் வெட்டி மண்ணுக்குள் தாழ்த்த கதையும், வன்னியில் இருந்து குழை ஏற்றிய வண்டில்கள் வந்த கதையும் வரும். ஒரு துலாக் கிணற்றில் இறைக்க, துலா மிதிக்க ஒரு ஆள், பட்டை பிடிக்க ஒரு ஆள், தண்ணி கட்ட ஒரு ஆள் வேணும்.

இதைக் கேட்கும்போது எங்களுக்கு ஒரு ஏக்கம் வருகிறது. ஆனால் அந்த ஏக்கத்தை ஒருக்கால் நிறுத்திவைத்து, குழையைச் சுமந்தது யார், துலா மிதித்தது யார் என்று கேட்க வேண்டும். அந்தக் கமம் நின்று பிடித்ததற்கு மண்ணறிவு ஒரு காரணம். சாதியால் கட்டப்பட்ட மலிவான உழைப்பு இன்னொரு காரணம். இதைச் சொல்லாமல் 'எங்கட முன்னோர் இயற்கை விவசாயம் செய்தவை' என்று பெருமைப்படுவதில் பாதிதான் உண்மை.

மாற்றம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. 1946 குடிசன மதிப்பின்படி இலங்கையின் சனத்தொகை 66 இலட்சம். அப்பவே அரிசியின் பெரும்பகுதி வெளியில் இருந்துதான் வந்தது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நெல்லுக்குப் பசளை கூடினால் பயிர் உயர்ந்து விழுந்துவிடும். குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் 1958இல் எச்-4 என்ற புது இனத்தை வெளியிட்டது. அது பசளையை வாங்கி நெல்லாகத் திருப்பிக் கொடுத்தது. 1962இல் அரசாங்கம் பசளைக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. 1950களில் ஹெக்டேயருக்கு ஒன்றரைத் தொன் அளவில் இருந்த நெல் விளைச்சல், இந்த நூற்றாண்டில் நாலரைத் தொன்னைத் தாண்டியது. இன்றைக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட சனம் பெரும்பாலும் உள்நாட்டு அரிசியைச் சாப்பிடுவதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. யூரியாவை வெறும் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போக முடியாதது இதனால்தான்.

வடக்குத் தோட்டங்களுக்கு உச்சம் 1970–77. சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலம் அது. தெற்கில் பாணுக்கு வரிசை நின்றார்கள். யாழ்ப்பாணத்திலோ மிளகாயும் வெங்காயமும் போட்ட குடும்பங்கள் கல்வீடு கட்டின. துலாவின் இடத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் வந்தது. குழையின் இடத்துக்கு யூரியா வந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட, இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் வந்து விலையை அடித்தன. விலை விழுந்த இடத்தில் ஆட்கள் பசளையைக் கூட்டித்தான் ஈடுகட்டப் பார்த்தார்கள்.

முதல் தடை

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. அதோடு வடக்குக்குப் போகும் பொருட்களில் ஒரு நீண்ட பட்டியல் தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து போன்றவையோடு பசளையும் அதில் இருந்தது. யூரியாவில் வெடிபொருள் செய்யலாம் என்பது அரசாங்கத்தின் காரணம். கமக்காரருக்கு விளங்கியது வேறு: ஒரே நேரத்தில் பசளையும் இல்லை, தண்ணி இறைக்க எண்ணெயும் இல்லை.

பெரியப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. கழற்றிப் போட்ட துலாவை அவருடைய அப்பா திரும்பப் பூட்டினாராம். வேலியில் நின்ற பூவரசும் கிளிசரியாவும் மொட்டையாகின. சாணிக்கு ஆட்கள் அடிபட்டார்கள். வெங்காயம் பாதிக்குப் பாதி குறைந்தது என்பது அவருடைய கணக்கு. தோட்டத்தில் கால்வாசியில் மரவள்ளியும் குரக்கனும் போட்டார்கள். பட்டினி கிடக்கவில்லை, ஆனால் கையில் காசும் இல்லை.

ஏறக்குறைய அதே வருடங்களில் உலகின் மறுபக்கத்தில் கியூபாவுக்கும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைய, அங்கிருந்து வந்த எண்ணெயும் பசளையும் நின்றுபோயின. ஹவானா நகரத்துக்குள்ளேயே சனம் சேதன முறையில் மரக்கறி போட்டதைப் பற்றி உலகம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கும் பாடத்தில் அது உதாரணமாக வந்தது. அதே நேரத்தில் உரும்பிராயிலும் கோப்பாயிலும் நடந்ததை நாங்கள் ஒரு பெரியப்பாவின் வாயால்தான் கேட்டோம்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கியூபாவில் அரசு காணி கொடுத்தது, ஆராய்ச்சியாளரை அனுப்பியது, விற்க வழி செய்தது. இங்கே தடை ஒரு போர் ஆயுதம். வலிகாமம் வடக்கில் அந்த வருடமே ஆட்கள் காணியை விட்டு எழும்ப வேண்டி வந்தது. அந்தச் செம்மண்ணில் ஒரு பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமாகி, போர் முடிந்தபிறகுதான் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. இருபது முப்பது வருடம் ஒரு பிடி யூரியா காணாத மண் அது. அதை யாரும் சேதன விவசாயம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஊர் ஆட்களிடம் நிலைபேறு என்று கதைக்கப் போனால், முதலில் காணி யாருடையது என்ற கேள்வியைத் தாண்டித்தான் மண்ணுக்கு வர முடியும்.

தடை நீங்கியதும் பெரியப்பா முதல் வேலையாக யூரியா வாங்கினார். பசளை இல்லாமல் செய்யலாம் என்று அவருக்கு அப்போது நன்றாகவே தெரியும். ஆனால் அது அவருக்கு ஷெல் அடியும் பங்கரும் மாதிரி, அந்தக் காலத்தோடு சேர்ந்த ஒரு பொருள். சித்தப்பாவோ அந்த நேரம் சின்னப் பெடியன். அவருக்கு ஞாபகம் இருப்பது பட்டியும் குழையும் மட்டும்தான். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர் எதிர்த்திசையில் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

ரஜரட்டையின் பயம்

தெற்கில் யூரியாவோடு இருந்த உறவு வேறு மாதிரி முறிந்தது. 1990களில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து வயல் கிராமங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் அடையாளம் காணப்பட்டது. வவுனியாவில் செட்டிகுளம் பக்கமும் அது இருக்கிறது. இதுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் டயாலிசிஸுக்காகக் கிழமைக்கு இரண்டு தரம் பஸ் ஏறுகிற கமக்காரருக்குச் சந்தேகம் பசளை மேலும் களைநாசினி மேலும் விழுந்தது. 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதிக்கப்பட்டது.

நிதானமாக மாறச் சொன்னவர்களும் இருந்தார்கள். ரே விஜேவர்தன என்ற பொறியியலாளர் 1950களில் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கியவர். பிறகு, இந்த வெப்ப மண்ணுக்கு இவ்வளவு உழவு தேவைதானா என்று தன்னையே கேட்டு, சரிவு நிலங்களில் கிளிசரியா வரிசைகளை நட்டு அதன் குழையையே பசளையாகப் போடும் முறையைப் பரப்பினார். 2010இல் இறக்கும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரசாங்கம் போன வழி வேறு. 2005 தேர்தலுக்குப் பிறகு நெல் செய்கிறவர்களுக்கு 50 கிலோ பசளைப் பை 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவின் 'சுபீட்சத்தின் நோக்கு' பசளையை இலவசமாகத் தருவதாகச் சொன்னது. அதே அறிக்கை பத்து வருடத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாகவும் சொன்னது. இலவசமாகக் கிடைக்கிற பொருளை யார் அளந்து போடுவார்கள்?

இரண்டாம் தடை

2021 ஏப்ரல் 27 அமைச்சரவை முடிவெடுத்தது. மே 6 வர்த்தமானி வந்தது. செயற்கைப் பசளையும் கிருமிநாசினியும் இனி இறக்குமதி இல்லை. பத்து வருடத் திட்டம் பத்து நாளில் முடிந்தது. சனத்தின் ஆரோக்கியம் காரணமாகச் சொல்லப்பட்டது. 2020இல் பசளை இறக்குமதிக்கு ஏறக்குறைய 26 கோடி டொலர் போனதும், அந்த டொலர் நாட்டிடம் தீர்ந்துகொண்டிருந்ததும் பக்கத்தில் இருந்த இன்னொரு காரணம்.

ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். அந்த 23 கிலோவைக் கூட்டெருவால் கொடுக்க ஒன்றரைத் தொன்னில் இருந்து இரண்டேகால் தொன் வரை வேணும். அதுவும் முதல் போகத்தில் முழுவதையும் பயிருக்கு விடாது. ஒரு ஆள் தோளில் கொண்டுபோன ஒரு பைக்குப் பதில் லொறிக் கணக்கில் ஏற்றி, இறக்கி, பரவ வேண்டும். அந்த மாடு எங்கே, லொறி எங்கே, கூலி எங்கே?

2021 நடுப்பகுதியில் வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட விவசாயிகளிடம் ஒரு கணிப்பு எடுத்தது. நாட்டில் பத்துக்கு ஒன்பது விவசாயிகள் செயற்கைப் பசளை போடுகிறவர்கள். அப்படியிருந்தும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சேதன விவசாயத்துக்கு மாறுவதை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ஆதரித்தவர்களிலேயே பெரும்பாலானோர் ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் கேட்டார்கள். தங்கள் பயிருக்கு எந்தச் சேதனப் பசளை, எவ்வளவு என்று தெரியும் என்றவர்கள் ஐந்தில் ஒருவர்தான். இதை வாசித்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. 'யூரியாக் கமக்காரர்' என்றால் மண்ணைப் பற்றிக் கவலைப்படாதவர் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அவர்கள் மறுத்தது சேதனத்தை இல்லை, அவசரத்தை.

பிறகு நடந்தது தெரிந்த கதை. சீனாவில் இருந்து 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பலில் வந்த சேதனப் பசளையின் மாதிரியில் நோய்க்கிருமி இருப்பதாக எங்கள் பரிசோதனைக்கூடம் சொன்னது. கப்பல் இறக்கப்படாமலே போனது. 2022 ஜனவரியில் அதற்கும் இலட்சக்கணக்கில் டொலர் கட்டினோம். தடை 2021 நவம்பர் 24 நீக்கப்பட்டது, ஆனால் பெரும்போகம் தொடங்கிவிட்டது, வாங்க டொலரும் இல்லை. 2021இல் 51 இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்த நெல், 2022இல் 34 இலட்சம் தொன்னுக்கு வந்தது. சிக்கிம் மாநிலம் 2003இல் சேதன விவசாயத்துக்கு மாற முடிவெடுத்து, முழுமையாக மாறிவிட்டதாக அறிவித்தது 2016இல். பசளையை முன்பே குறைவாகப் போட்டுவந்த ஒரு சின்ன மலை மாநிலத்துக்கே பதின்மூன்று வருடம் எடுத்தது.

சேதன விவசாயிகளுக்கு இது வெற்றியாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். சித்தப்பாவின் பதில் வேறு. வழமையாக அவர் வாங்கும் மாட்டெருவின் விலை அந்த வருசம் மூன்று மடங்கானது, ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடினார்கள். இன்னொரு நட்டமும் உண்டு. அதற்கு முதல் அவருடைய தோட்டத்தை எட்டிப்பார்த்துக் கேள்வி கேட்ட ரெண்டு மூன்று அயலவர் இப்ப 'சேதனம்' என்றாலே சிரிக்கினமாம்.

மலையகத்தில் ஒரு பேர்

தோட்டம் என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு அர்த்தம், மலையகத்தில் இன்னொரு அர்த்தம். எங்களில் ஒருவன் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறான். அவனுடைய அம்மா தலவாக்கலைப் பக்கம் கொழுந்து எடுக்கிறார். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. ஆனால் அந்த நாளுக்கென்று சொன்ன கிலோ இல்லாவிட்டால் அரைப் பேர்தான் விழும். பசளை நின்றதும் கொழுந்து குறைந்தது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோ, 2022இல் ஏறக்குறைய 25 கோடி. அந்த ஐந்து கோடி கிலோவின் ஒரு பகுதி அவனுடைய அம்மாவின் அரைப் பேராக வீட்டுக்கு வந்தது.

சேதனத் தேயிலை முடியாத காரியம் இல்லை. இதல்கஸ்ஹின்னவில் 1980களில் இருந்தே அது நடக்கிறது, கூடிய விலைக்கு வெளிநாட்டில் விற்கிறது. ஆனால் யூரியாத் தோட்டமோ சேதனத் தோட்டமோ, அங்கே கொழுந்தெடுக்கிறவர் கமக்காரர் இல்லை. எந்தப் பசளை என்று முடிவெடுக்கும் மேசையில் அவருக்கு இடமில்லை. விளைச்சல் குறைந்தால் முதல் வெட்டு மட்டும் அவருக்கு. விவசாயிகளின் பார்வை என்று எழுதும்போது காணி இல்லாதவர்கள் இப்படித்தான் விடுபட்டுப் போகிறார்கள்.

நிண்டு பிடிக்கிறது

திரும்பப் பங்குக் கிணற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுகிறது என்று பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் சொல்லி வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பகுதிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் இருக்கின்றன. யூரியா ஒரு காரணம், மலக்குழிகள் இன்னொரு காரணம். அளவில்லாமல் கொட்டிய எருவும் சேரும். பெரியப்பா போடுவது சித்தப்பாவின் குடிதண்ணிக்குள் வருகிறது. இது இரண்டு பேருக்கும் தெரியும். இதைப் பற்றிச் சண்டையும் பிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பெரியப்பா யூரியாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார். வர்த்தமானியால் நடக்காதது தம்பி கேட்டதால் நடந்தது.

அவர்கள் சொன்னதை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பிரிவு நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை. பெரியப்பா வீட்டுச் சமையலுக்கென்று கிணற்றடியில் போடும் கத்தரிக்கு யூரியா போடுவதில்லை. விற்கிற வெங்காயத்துக்குப் போடாவிட்டால் வங்கிக் கடன் கட்ட முடியாது. சித்தப்பா நஞ்சில்லாமல் செய்வதற்குப் பின்னால் சித்தியின் ரீச்சர் சம்பளம் இருக்கிறது. அவரே அதை ஒளிக்காமல் சொல்லுவார். சந்தையில் இரண்டு பேருடைய மரக்கறிக்கும் ஒரே விலை, இரண்டு பேரிடமும் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு. பெரியப்பாவின் மகன் கனடாவில். சித்தப்பாவின் மகள் எங்களோடு படிக்கிறாள், அந்தப் பார்சல் அவளுக்குத்தான் வருகிறது. இரண்டு தோட்டத்துக்கும் அடுத்து யார் என்ற கேள்விக்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

நிலைபேறு என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் மண், தண்ணி, கடன், காணி, அடுத்த ஆள் எல்லாம் சேர்ந்தது. பசளை அதில் ஒரு வரி. இரண்டு தடைகளும் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்து இழுத்தன, அதுவும் கேட்காமல்.

2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். வெள்ளவத்தை பிளற் பல்கனிகளில் மிளகாய்ச் சாடிகள் வந்தன. எங்கள் வீட்டுச் சாடியில் ஏழு மிளகாய் காய்த்தது. அந்த ஏழு மிளகாய்க்கே எவ்வளவு தண்ணி, எவ்வளவு பூச்சி, எவ்வளவு பார்த்திருப்பு என்று அப்போது விளங்கியது. இப்ப சாடி வெறுமை. சுப்பர்மார்க்கெட்டில் 'ஓர்கானிக்' ராக்கை ஒன்று இருக்கிறது. அதன் விலைக்கும் சித்தப்பாவுக்கு சந்தையில் கிடைக்கும் விலைக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று எங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

ஒன்று தொடங்கியிருக்கிறோம். பத்து வீடு சேர்ந்து இரண்டு பேரிடமும் நேரடியாக வாங்குகிறோம், கழிவு இல்லாமல். சித்தப்பாவின் மரக்கறிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறோம். பெரியப்பா அதைக் கேள்விப்பட்டு, அடுத்த போகத்தில் நாலு பரப்பில் யூரியா இல்லாமல் பயிற்றை போட்டுப் பார்க்கலாமோ என்று யோசிக்கிறாராம். நட்டம் வந்தால் என்ன செய்வியள் என்று எங்களிடம் கேட்கச் சொன்னார். போன கிழமைக் கூட்டத்தில் அதைத்தான் கதைத்தோம். இன்னும் முடிவு வரவில்லை.